நாலு மணி முதல் ஆறரை வரை: பஞ்சாயத்துக் காசில் பிள்ளைகளுக்கு ஒரு மாலை மையம் தேவையா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் ஊர். பிள்ளைகளில் சிலர் தமிழ் மீடியம், சிலர் மலையாள மீடியம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை உட்கார வைக்க, பஞ்சாயத்துத் திட்டப் பணத்தில் ஒரு மையம் தொடங்கலாம் என்கிறார் வார்டு மெம்பர். “அதான் டியூஷன் இருக்கே, அந்தக் காசுக்கு ரோடு போடுங்க” என்கிறார்கள் சிலர். இதில் உண்மையிலேயே பயன் உண்டா, எப்படி நடத்தினால் உண்டு?

பயன் உண்டு. ஆனால் முதலில் தெரிவது மார்க்கில் அல்ல. “மார்க் கூடும்” என்று வாக்குக் கொடுத்து ஆரம்பித்தால், முதல் ஓணப் பரீட்சை முடிந்ததும் “என்ன ஆச்சு?” என்று கேட்பார்கள். அங்கேயே பாதி மையங்கள் விழுந்துவிடும்.

மணிக்கணக்கிலிருந்து தொடங்குங்கள். பள்ளிக்கூடம் விடுவது நாலு மணிக்கு. தோப்பு வேலை, செங்கல் சூளை, கஞ்சிக்கோட்டுக் கம்பெனி, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று போன பெற்றோர் வீடு திரும்ப ஆறரை, ஏழு ஆகிவிடும். தினம் இரண்டரை மணி நேரம். வருடத்துக்கு 200 பள்ளி நாள் என்று வைத்தால் 500 மணி நேரம். அந்த 500 மணி நேரத்தை இப்போது யார் சுமக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பாருங்கள். அக்கா என்பார்கள். ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பெண். தம்பியைக் கூட்டி வந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, அம்மா வந்த பிறகு புத்தகத்தைத் திறக்கிறவள். மையத்துக்கு வருவது மூன்றாவது படிக்கிற தம்பி. அதனால் படிக்க நேரம் கிடைப்பது அந்த அக்காவுக்கு. அவள் பெயர் மையத்தின் ரிஜிஸ்டரில் எங்கும் இருக்காது. அம்மாவுக்கும் ஒரு லாபம் உண்டு: பிள்ளைக்காக நாலு மணிக்கே கிளம்பி அரைநாள் கூலியை விட வேண்டியதில்லை. கிராமசபையில் இந்தத் திட்டத்துக்குப் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த அம்மாக்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கிராமசபை நடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படிப்பு விஷயத்தில் நல்ல சான்று தமிழ்நாட்டுப் பக்கமே இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை, மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை, ஊரிலேயே இருக்கிற தன்னார்வலர், ஒருவருக்கு 20 பிள்ளைகள் என்ற கணக்கு. 1 முதல் 5 வரைக்கு பிளஸ் டூ முடித்தவர், 6 முதல் 8 வரைக்கு பட்டதாரி. ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபாய். திண்ணை, கோயில் மண்டபம், சமுதாயக் கூடம் என்று கிடைத்த இடத்தில் நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகியோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்து எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. 2019இல் அதே ஊர்களில் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த நிலையோடு ஒப்பிட்டால் 2021 டிசம்பரில் பெரிய சரிவு. கணக்கில் அதிகம், மொழியில் கொஞ்சம் குறைவு. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அந்தச் சரிவில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இந்த மாலை வகுப்பால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. நாலில் ஒரு பங்கு என்றால், இவ்வளவு குறைந்த செலவில் ஓடிய ஒரு திட்டத்துக்கு அது பெரிய வரவு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி நேரத்துக்குப் பிந்திய மையங்களை மேத்தமேட்டிகா என்ற நிறுவனம் ஆராய்ந்து 2003 முதல் அறிக்கைகள் வெளியிட்டது. படிப்பில் பெரிதாக முன்னேற்றம் தெரியவில்லை. பள்ளி விட்ட பிறகான நேரத்தில் பாதுகாப்பாக உணர்கிறோம் என்று மட்டும் பிள்ளைகள் சொன்னார்கள். பலர் வாரத்தில் ஓரிரு நாள்தான் வந்தார்கள். வந்த நேரத்திலும் பெரும்பகுதி வீட்டுப்பாடத்துக்கே போனது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த இடத்திலிருந்து தொடங்கி, தினமும் வந்தால் பலன். வீட்டுப்பாடம் எழுத ஒரு கூரை மட்டும் கொடுத்தால் அது கூரைதான்.

இனி டியூஷன். நம் ஊர்ப்பக்கம் டியூஷன் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டியூஷன் அக்கா பீஸ் கட்டுகிறவர்களை வைத்துத்தான் ஓட்ட முடியும். இரண்டு மாதம் பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளை தானாகவே நின்றுவிடுகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையால் மற்றவர்களுக்கு நேரம் போகிறது என்று புகார் வருகிறது. அது அந்த அக்காவின் தப்பில்லை, பீஸ் என்ற ஏற்பாடு அப்படி. பொதுப்பணம் வரும்போதுதான், மிகவும் பின்தங்கிய பிள்ளையை முதலில் சேர்க்கலாம் என்ற விதியைப் போட முடியும். அந்த விதியைத் தீர்மானத்திலேயே எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் மூன்றே மாதத்தில் மையம் கெட்டிக்காரப் பிள்ளைகளின் இலவச டியூஷனாகிவிடும். எங்கும் அதுதான் நடக்கிறது.

எல்லை ஊருக்கென்று தனியாக ஒரு பயன் இருக்கிறது. இதை வெளியூர் டிரெயினர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

வீட்டில் தமிழ் பேசி, மலையாள மீடியத்தில் படிக்கிற பிள்ளையின் நோட்டை எடுத்துப் பாருங்கள். தமிழில் ‘கதை’ என்று ஒரே சொல்லை எழுதுகிறோம். பாட்டி சொல்வதும் கதை, பீமன் கையில் இருப்பதும் கதை. மலையாளத்தில் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். முதல் எழுத்தும் வேறு, இரண்டாம் எழுத்தும் வேறு. தமிழில் ஒரு ‘க’ இருக்கிற இடத்தில் அங்கே நாலு எழுத்து, ஒரு ‘த’ இருக்கிற இடத்தில் நாலு எழுத்து. நம் பிள்ளை எல்லாவற்றுக்கும் முதல் எழுத்தையே போடும். டீச்சர் சிவப்பு மையில் சுழித்து ‘கவனக்குறைவு’ என்று எழுதுவார். கவனக்குறைவே இல்லை, காதுக்கு அந்த வித்தியாசம் இன்னும் பழகவில்லை. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லச் சொன்னால், எந்த ஒலிக்கு அதிர்கிறது, எதற்கு அதிரவில்லை என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்தால் எந்த எழுத்துக்குக் காற்று அடிக்கிறது என்பது தெரியும். தினம் ஐந்து நிமிடம், நாலைந்து ஜோடிச் சொற்கள் போதும்.

கணக்கிலும் இதே கதைதான். கூட்டலுக்கு இரண்டு மொழியிலும் ‘கூட்டு’ இருக்கிறது, சிக்கல் இல்லை. ‘கழி’ என்றால் தமிழில் மைனஸ். மலையாளத்தில் ‘கழிக்குக’ என்றால் சாப்பிடுவது. அங்கே கழித்தலுக்கு ‘குறய்க்குக’. பெருக்கல் அங்கே குணனம், வகுத்தல் ஹரணம். வீட்டில் அப்பா “வகுத்துப் பாரு” என்று சொல்லிக் கொடுத்திருந்தால், பள்ளியில் ஹரணம் என்று வரும்போது அது ஏதோ புதுக் கணக்கு என்று பிள்ளை திகைக்கும். மலையாளத்தில் தண்ணீரே வெள்ளம்; தொட்டியில் இத்தனை லிட்டர் வெள்ளம் என்று வந்தால், தமிழ்க் காதுக்கு ஆற்றில் வெள்ளம் வந்துவிடும். இரண்டு மொழியும் தெரிந்த உள்ளூர் ஆளை வைத்தால், சுவரில் இரண்டு பத்திச் சார்ட் ஒன்று ஒட்டி, முதல் மாதத்திலேயே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆகவே ஆளை எடுக்கும்போது பி.எட். இருக்கிறதா என்பதைவிட, இரண்டு மொழியையும் எழுதப் படிக்கத் தெரியுமா என்று பாருங்கள். நம் ஊர்களில் கல்யாணமாகி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வந்த பெண்கள் பலருக்கு இது கைவந்த கலை.

பணம். கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்திலிருந்து பஞ்சாயத்துகளுக்குத் திட்டப் பணம் நேராக வருகிறது. ஏழாவது வரையான எல்.பி., யு.பி. அரசுப் பள்ளிகளும் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில்தான். வழி இப்படிப் போகும்: வார்டு கிராமசபையில் கோரிக்கை மினிட்ஸில் ஏற வேண்டும், பிறகு கல்விக்கான ஒர்க்கிங் குரூப், வளர்ச்சி செமினார், பஞ்சாயத்துக் கமிட்டி, கடைசியில் மாவட்டத் திட்டக் குழுவின் அனுமதி. கிராமசபைக்கு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கோரம். ‘நிர்வஹண உத்தியோகஸ்தர்’, அதாவது திட்டத்தை நிறைவேற்றும் அதிகாரி, யார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். கல்வித் திட்டத்துக்குப் பெரும்பாலும் பள்ளித் தலைமை ஆசிரியரே இருப்பார். அவருக்கு மனமில்லை என்றால் பில் ஒவ்வொன்றும் மேஜையில் ஒரு மாதம் தூங்கும்.

எவ்வளவு கேட்பது? 25 பிள்ளை, 200 நாள் என்று ஒரு மாதிரிக் கணக்கு. இரண்டு பேருக்கு, ஆளுக்கு ஒரு மாலைக்கு 200 ரூபாய் வீதம் 80,000. பலகாரம் ஒரு பிள்ளைக்கு 8 ரூபாய் வீதம் 40,000. நோட்டு, சார்ட், கதைப் புத்தகம் 10,000. விளக்கு, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, துப்புரவு 10,000. பந்து, கயிறு 5,000. ஆக 1,45,000. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 29 ரூபாய், பத்து மாதம் நடந்தால் மாதம் 580. ஊர் டியூஷன் பீஸைவிட இது கூடத்தான், மறைக்க வேண்டாம். ஆனால் இதில் தீனியும் காவலும் விளையாட்டும் சேர்ந்திருக்கிறது. “இலவசமாகவே நடத்தலாம், தன்னார்வலர் வருவார்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தமிழகத்தின் 1000 ரூபாயே ஒரு நாளுக்கு 40 ரூபாய்ச் சுற்றுவட்டாரத்தில்தான் வந்தது. அந்த ஆர்வத்தை நம்பி வருடக்கணக்கில் ஓட்ட முடியாது. ஆள் மாறிய வாரமே வருகை குறையும்.

கட்டடத்துக்குக் காசு கேட்காதீர்கள். நூலகம் இருக்கிறது. கேரளத்தில் நூலக கவுன்சிலோடு இணைந்த நூலகங்கள் எட்டாயிரத்துக்கு மேல். 1989 சட்டப்படி வீட்டு வரியில் ரூபாய்க்கு 5 பைசா நூலக செஸ் எல்லோரும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பல நூலகங்களில் ‘பாலவேதி’ என்று பிள்ளைகளுக்கான பிரிவு பெயரளவில் இருக்கும், அதை எழுப்பினாலே போதும். ஒரு சிக்கல் வரும்: ஐந்து மணிக்கு மேல் அங்கே பெரியவர்கள் கேரம் ஆடவும் பேப்பர் படிக்கவும் வருவார்கள். அவர்களோடு சண்டை போடாமல் ஒரு அறையையும் ஒரு கழிப்பறையையும் மாலை ஆறரை வரை பிள்ளைகளுக்கென்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட அறை என்றால் சாவி யாரிடம் என்பதே பெரிய அரசியல். பியூன் லீவு போட்டால் மையத்துக்கும் லீவு. இரண்டாவது சாவி வாங்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

நேர ஒழுங்கில் பலர் செய்கிற தப்பு, வந்ததும் புத்தகத்தைத் திறக்கச் சொல்வது. மத்தியானம் சாப்பிட்டது எப்போதோ செரித்திருக்கும். முதல் 20 நிமிடம் கைகழுவல், பலகாரம். அடுத்த அரை மணி ஓட்டம், பந்து. ஐந்து மணிக்குப் பிறகு 45 நிமிடம் வாசிப்பும் கணக்கும். கடைசி 20 நிமிடம் வீட்டுப்பாடம். வீட்டுப்பாடத்தை முன்னால் வைத்தால் அதுவே முழு நேரத்தையும் தின்றுவிடும்.

பலகாரத்துக்குச் சுண்டல் போலச் சுலபம் வேறில்லை. ஒரு பிள்ளைக்குக் காய்ந்த கொண்டைக்கடலை 30 கிராம், 25 பேருக்கு முக்கால் கிலோ. காலையில் எட்டு மணிக்கு ஊறப் போட்டால் மூன்றரைக்குக் குக்கரில் ஏற்றலாம். ஊறாத கடலையை எத்தனை விசில் விட்டாலும் நடுவில் கடுகடுவென்றுதான் இருக்கும். உப்பைக் கடைசியில் போடுங்கள். தேங்காயைத் தாளிப்போடு சேர்த்துவிட்டு, பிள்ளைகள் வந்ததும் பரிமாறிவிட வேண்டும், பாலக்காட்டு மார்ச் வெயிலில் தேங்காய் சேர்த்த சுண்டல் சாயங்காலம் வரை தாங்காது. வாரத்தில் ஒரு நாள் அவல், ஒரு நாள் பழம், ஒரு நாள் வேகவைத்த நிலக்கடலை. பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுப்பது நிர்வாகத்துக்குச் சுலபம், பில்லும் சுத்தமாக வரும். ஆனால் அதைத் தின்ற பிள்ளைக்கு அரை மணியில் மறுபடி பசிக்கும். உள்ளூர் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவிடம் கொடுத்தால் சமையலும் நடக்கும், ரசீதும் கிடைக்கும்.

வாசிப்புக்கு வகுப்பு வாரியாக உட்கார வைக்காதீர்கள். முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் சோதியுங்கள்: எழுத்து தெரிகிறதா, சொல் தெரிகிறதா, நாலு வரிப் பத்தி வாசிக்குமா, சின்னக் கதை வாசிக்குமா. கணக்கில் ஒற்றை இலக்கம், இரட்டை இலக்கம், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஒரு இலக்கத்தால் வகுத்தல். கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கிற ‘அசர்’ சர்வேயில் பயன்படுத்துகிற அதே ஏணிதான். அந்தப் படியின்படி குழு பிரியுங்கள். ஐந்தாவது படிக்கிறவன் சொல் வாசிக்கும் குழுவில் இரண்டாவது படிக்கிறவளோடு உட்கார வேண்டி வரும், அவனுக்குக் கூச்சம். குழுவுக்கு ‘எழுத்துக் குழு’ என்று பெயர் வைக்காமல் குயில், மயில் என்று வைத்து, அவனிடம் சார்ட் பிடிக்கிற பொறுப்பைக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் சரியாகும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்து மாற்றுங்கள். மாற்றாமல் வருடம் முழுக்க அதே குழுவில் வைப்பதைவிட, பிரிக்காமலே விட்டுவிடலாம். அந்தச் சோதனைத் தாள்கள்தான் அடுத்த வருடம் திட்டத்தைப் புதுப்பிக்கக் காட்ட வேண்டிய ஆதாரமும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க முடியாதவை சில. எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். இருவருக்கும் போலீஸ் சரிபார்ப்புச் சான்று. வருகைப் பதிவில் வந்த நேரம், போன நேரம், கூட்டிப் போனவர் கையெழுத்து. சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்ஸோ சட்டப்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் புகார் கொடுக்க வேண்டியது தெரிந்தவரின் கடமை, ஊர்ப் பஞ்சாயத்துப் பேசி முடிப்பதற்கு அதில் இடமில்லை என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அந்த இரண்டு மாதம் வீட்டுப்பாடப் பகுதியை வெட்டிவிட்டு, தெரு வாரியாகக் கூட்டமாக நடத்திக் கூட்டிப் போக ஆள் வேண்டும். வாளையார்ப் பக்கம் போல யானை இறங்குகிற இடம் என்றால் ஆறு மணிக்குப் பிறகு நடக்கிற யோசனையே வேண்டாம், ஜீப்புக்குக் காசு போடுங்கள்.

எட்டாவதுக்கு மேல் உள்ளவர்களை இந்த மையத்தில் உட்கார வைக்க முயலாதீர்கள். மீசை முளைத்தவன் குயில் குழுவுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டான். அவர்களுக்கு வேறு நேரம், வேறு வேலை. மைதானத்தில் வெளிச்சம், காற்றடித்த பந்து, யாராவது ஒரு அண்ணன் கூட இருப்பது, இந்த மூன்றும் இருந்தால் பாலத்தடியில் கூடுகிற கூட்டம் பாதியாகும். போதைக்கு எதிரான உறுதிமொழி வாசிப்பதைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். பெரியவர்களுக்கு 5 நம்பர் கால்பந்து, எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு 4 நம்பர். பம்பு ஒன்று, ஊசி நாலு. ஊசி உடைந்ததால் மாதக்கணக்கில் ஆட்டம் நின்றுபோகிற ஊர்கள் உண்டு.

பிள்ளைகளுக்குப் பணமாகவே கிடைக்கிற பயன் இன்னொன்று. எட்டாவதில் எழுதுகிற மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேர்ந்தால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய். வீட்டு வருமானம் வருடம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாலாவதிலும் ஏழாவதிலும் கேரள அரசின் உதவித்தொகைத் தேர்வுகள் இருக்கின்றன; எல்.எஸ்.எஸ்., யு.எஸ்.எஸ். என்பது அவற்றின் பழகிய பெயர். எல்லையூர்ப் பிள்ளைகள் இவற்றைத் தவறவிடுவது பெரும்பாலும் படிப்பு போதாமல் அல்ல, காகிதம் போதாமல். அம்மாவின் சான்றுகள் தமிழ்நாட்டில், ரேஷன் கார்டு கேரளத்தில், சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, பள்ளி ரிஜிஸ்டரில் வேறு மாதிரி. அரசுச் சான்றுகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிற அட்சய மையத்துக்குக் கடைசி நாளில் ஓடினால் வில்லேஜ் ஆபீஸ் சான்று வர அதற்குள் தேதி முடிந்துவிடும். ஜூன் மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு நகல் மூன்றையும் ஒப்பிட்டு, எழுத்து மாறியிருப்பதைச் சிவப்பில் குறித்து வையுங்கள். இதற்கு மையத்துக்கு ஆகிற செலவு ஒரு சனிக்கிழமை.

கடைசியாக, பணம் தாமதமாகும் விஷயம். பள்ளி திறப்பது ஜூனில். திட்டம் அனுமதியாகி, ஆர்டர் கையில் வர பல சமயம் செப்டம்பர், அக்டோபர் ஆகிவிடும். நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். பிப்ரவரியில் “காசு லேப்ஸ் ஆகப் போகுது” என்று அவசரமாக 40 பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு இரும்பு பீரோவும் வாங்குவார்கள். சுண்டலுக்கும் சம்பளத்துக்கும் இல்லாத காசு பீரோவுக்கு இருக்கும். இதைத் தவிர்க்க, திட்ட எஸ்டிமேட்டில் நாற்காலி, பீரோ போன்ற சாமான் தலைப்பை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் கட்டிவிடுங்கள். ஊதியமும் பலகாரமும் மாதாமாதம் என்று தனித் தலைப்பாக எழுதச் சொல்லுங்கள். முதல் வருடம் ஜூனில் தொடங்க ஆசைப்படாமல் நவம்பரில் 15 பிள்ளைகளோடு ஆரம்பியுங்கள். அடுத்த வருடத் திட்டத்துக்கான கிராமசபை கூடும்போது கையில் இரண்டு தவணைச் சோதனைத் தாள் இருக்கும். ரோடு கேட்டவர்கள் வீட்டுப் பிள்ளை அதில் இரண்டு பேராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.